ப்ளூ-ரே, 4கே டிஸ்க் ப்ளேயர் மக்கர் செய்கிறதா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

படம் வரவில்லை, ஒலி வரவில்லை, பாதியில் நின்றுவிட்டது என்றால் முதலில் பழி விழுவது ப்ளேயர் மேல்தான். பெரும்பாலும் அது தப்பான இடம். டிஸ்க் ப்ளேயர் எதை அனுப்புவது என்று தானாக முடிவெடுப்பதில்லை. கேபிளின் மறுமுனையில் இருக்கும் ரிசீவரும் (ஸ்பீக்கர்களை இயக்கும் பெட்டி) டிவியும் தங்களால் எதை ஏற்க முடியும் என்று ஒரு பட்டியல் கொடுக்கின்றன. அந்தப் பட்டியலுக்குள் அடங்குவதைத்தான் ப்ளேயர் அனுப்பும். நடுவில் ஒரு கருவி பழையதாக இருந்தால், ஓர் அமைப்பு அணைந்து கிடந்தால், மொத்த வரிசையும் அதன் அளவுக்கு இறங்கிவிடும். எனவே பிழை தேடுவது என்றால் எந்த இடத்தில் அளவு இறங்கியது என்று தேடுவதுதான்.

## முதலில் பார்க்க வேண்டியவை

ப்ளேயர் ரிமோட்டில் ‘இன்ஃபோ’, ‘டிஸ்ப்ளே’, ‘பிளேபேக் இன்ஃபோ’ என்று ஏதாவது ஒரு பெயரில் ஒரு பொத்தான் இருக்கும். படம் ஓடும்போது அதை அழுத்துங்கள். டிஸ்க்கில் என்ன இருக்கிறது, வெளியே என்ன போகிறது என்று இரண்டும் திரையில் வரும். டிவியின் தகவல் பட்டையில் அது பெறும் அளவு தெரியும்: 3840×2160, 24 ஹெர்ட்ஸ், எச்டிஆர் (இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் இடையே வீச்சு அதிகமுள்ள படம்) என்று. ரிசீவரின் முகப்பில் ஒலியின் வகை தெரியும். இந்த மூன்றையும் எழுதி வைத்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போங்கள். இதைப் பார்க்காமல் அமைப்புகளைத் திருகினால், எதை மாற்றியதால் சரியானது என்பதே தெரியாமல் போகும்.

அடுத்து, நடுவில் இருக்கும் ரிசீவர், சவுண்ட்பார், ஸ்விட்ச் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, 2 மீட்டருக்கு உட்பட்ட ஒரு கேபிளில் ப்ளேயரை நேராக டிவியில் மாட்டுங்கள். கோளாறு மறைந்தால் ப்ளேயர் நிரபராதி. பிறகு கழற்றியதை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றுதான். இரண்டை மாற்றினால் சோதனை வீண்.

## திரை முழுக்கக் கறுப்பு, அல்லது ‘சிக்னல் இல்லை’

ப்ளேயரின் முகப்பு விளக்கு எரிகிறது, தட்டு திறந்து மூடுகிறது, திரையில் மட்டும் ஒன்றும் இல்லை என்றால் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. டிவியால் காட்ட முடியாத அளவில் ப்ளேயர் படத்தை அனுப்புகிறது, இல்லையென்றால் எச்டிசிபி என்ற நகல் தடுப்புச் சரிபார்ப்பு பாதியில் நின்றுவிட்டது.

எச்டிசிபிக்கு மின்சாரத்தைத் துண்டித்துத் தொடங்குவதுதான் விரைவான மருந்து. ஸ்டாண்ட்பை போதாது. மூன்று கருவிகளையும் பிளக்கிலிருந்து எடுத்துவிட்டு இரண்டு நிமிடம் விடுங்கள். பிறகு டிவி, அடுத்து ரிசீவர், கடைசியாக ப்ளேயர் என்ற வரிசையில் ஆன் செய்யுங்கள். சரிபார்க்கக் கேட்கும் ப்ளேயர் வரும் முன்பே பதில் சொல்ல டிவி தயாராக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த வரிசை.

அப்படியும் வரவில்லையென்றால் ப்ளேயரின் வெளியீட்டு அளவைத் திரை இல்லாமலே இறக்க வேண்டும். பல மாடல்களில் முகப்பிலோ ரிமோட்டிலோ சில பொத்தான்களைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் வெளியீடு அடிப்படை அளவுக்குத் திரும்பும். எந்தப் பொத்தான் என்பது மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டில் இருக்கும். இன்னொரு டிவியோ கணினி மானிட்டரோ கையில் இருந்தால் அதில் மாட்டி மெனுவைத் திறந்து, அளவை ‘ஆட்டோ’வுக்கு மாற்றிவிட்டுத் திரும்பக் கொண்டுவருவது இன்னும் எளிது.

படம் வருகிறது, ஆனால் முழுத் திரையும் ரோஜா நிறமாகவோ பச்சையாகவோ இருக்கிறதா? நிறத்தைக் குறியிட ஒய்சிபிசிஆர், ஆர்ஜிபி என்று இரண்டு முறைகள் உண்டு. ப்ளேயர் அனுப்புவது ஒய்சிபிசிஆர், டிவி அதை ஆர்ஜிபி என்று நினைத்துக் காட்டுகிறது. கேபிளைக் கழற்றி மாட்டினால் பெரும்பாலும் சரியாகும். மீண்டும் மீண்டும் வந்தால் ப்ளேயரின் நிற அமைப்பை ‘ஆட்டோ’வில் விடாமல் ஒய்சிபிசிஆர் என்று நிலையாக வையுங்கள்.

பழைய புரொஜெக்டரில் சிவப்பு, பச்சை, நீல முனைகள் கொண்ட கம்போனென்ட் கேபிளில் படம் எதிர்பார்ப்பவர்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். 2010 முடிந்த பிறகு தயாரான ப்ளேயர்கள், பாதுகாக்கப்பட்ட ப்ளூ-ரே படத்தை அந்த வழியில் சாதாரண டிவிடி தரத்துக்கு மேல் அனுப்பக் கூடாது. 2013 முடிந்த பிறகு தயாரானவற்றில் அந்த வழியே அடைக்கப்பட்டது. இது பழுதல்ல, உரிம விதி.

## வெள்ளைப் பொறிகள், கோடுகள், ஓரிரு நொடி இருட்டு

கறுப்புப் பகுதிகளில் வெள்ளைப் புள்ளிகள் மினுக்குவதும், அவ்வப்போது திரை இருண்டு மீள்வதும் கேபிளின் கையெழுத்து. ஆனால் எப்போது வருகிறது என்பதைக் கவனித்தால் கேபிள் எந்த அளவு வரை தாங்குகிறது என்பதும் தெரிந்துவிடும்.

4கே படம் நொடிக்கு 24 ஃபிரேம் வேகத்தில், 4:2:2 வடிவில் (நிறத் தகவல் எவ்வளவு சுருக்கப்பட்டது என்பதைச் சொல்லும் எண், 4:2:0 இன்னும் சுருக்கம்) போகும்போது கேபிளில் ஓடுவது நொடிக்கு 8.91 கிகாபிட். அதே 4கே 60 ஹெர்ட்ஸில், 10 பிட், 4:2:0 வடிவில் போனால் 11.14 கிகாபிட். 60 ஹெர்ட்ஸில் 4:2:2 வடிவில் போனால் 17.82 கிகாபிட். பழைய எச்டிஎம்ஐ 1.4 காலத்துக் கேபிள்கள் 10.2 கிகாபிட்டுக்காகச் செய்யப்பட்டவை. இதனால்தான் ஒரு விசித்திரம் நடக்கிறது: திரைப்படம் குறையின்றி ஓடும், ஆனால் ப்ளேயரின் முகப்புப் பக்கத்துக்கு வந்தால் திரை இருண்டுவிடும். படம் 24 ஹெர்ட்ஸ், முகப்புப் பக்கம் 60 ஹெர்ட்ஸ். ப்ளேயர் கெட்டுவிட்டது என்று பலர் கடைக்கு எடுத்துப் போவது இந்த அறிகுறிக்குத்தான்.

உறுதிப்படுத்த, ப்ளேயரின் வெளியீட்டை 1080பிக்கு (சாதாரண ப்ளூ-ரேயின் 1920×1080 அளவு) இறக்குங்கள். பொறிகள் உடனே மறைந்தால் கேபிள்தான், சந்தேகம் வேண்டாம். 18 கிகாபிட்டுக்குச் சான்று பெற்ற ‘பிரீமியம் ஹை ஸ்பீட்’ கேபிள் போதும். 48 கிகாபிட் ‘அல்ட்ரா ஹை ஸ்பீட்’ கேபிளும் வேலை செய்யும், ஆனால் டிஸ்க் ப்ளேயருக்கு அது தேவைக்கு மேல். தங்க முலாம், பருத்த உறை இவற்றுக்காகக் காசு கொடுக்காதீர்கள். பெட்டியின் மேல் ஸ்கேன் செய்து பார்க்கக்கூடிய சான்று ஒட்டி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

புரொஜெக்டருக்காக 8, 10 மீட்டர் இழுக்க வேண்டியிருந்தால் செம்புக் கேபிளை நம்ப வேண்டாம், ஒளியிழைக் கேபிளுக்குப் போங்கள். அதற்குத் திசை உண்டு. ‘சோர்ஸ்’ என்று குறித்த முனை ப்ளேயர் பக்கம், ‘டிஸ்ப்ளே’ என்று குறித்த முனை புரொஜெக்டர் பக்கம். மாற்றி மாட்டினால் படமே வராது. சுவருக்குள் புதைக்கும் முன் தரையில் விரித்துப்போட்டு ஒரு முழுப் படம் ஓட்டிப் பாருங்கள். கூர்மையாக மடித்தால் உள்ளே இழை முறியும்.

## 4கே டிஸ்க் போட்டும் 1080பிதான் வருகிறது, எச்டிஆர் வரவில்லை

இதற்குப் பழகிப்போன குற்றவாளி டிவியின் அமைப்பு. பல டிவிகள் ஆலையிலிருந்து வரும்போது எச்டிஎம்ஐ முனைகளைப் பழைய, குறுகிய அளவில் வைத்தே அனுப்புகின்றன. அகன்ற அளவை நாம்தான் திறக்க வேண்டும். சோனியில் ‘எச்டிஎம்ஐ சிக்னல் ஃபார்மட்’ என்பதை ‘என்ஹான்ஸ்ட்’ ஆக்க வேண்டும். எல்ஜியில் ‘அல்ட்ரா எச்டி டீப் கலர்’, சாம்சங்கில் ‘இன்புட் சிக்னல் பிளஸ்’. இது ஒவ்வொரு முனைக்கும் தனித்தனி. ஒன்றாம் முனையில் ஆன் செய்துவிட்டுக் கேபிளை மூன்றாம் முனையில் மாட்டினால் பயனில்லை. சில டிவிகளில் எல்லா முனைகளும் முழு அளவைத் தாங்குவதும் இல்லை.

டிவி சரி, ஆனால் ரிசீவர் வழியாகப் போனால் மட்டும் இறங்குகிறது என்றால் ரிசீவருக்கு எச்டிசிபி 2.2 இல்லை என்று பொருள். 4கே டிஸ்க்குகளின் முழு அளவுக்கு வரிசையிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் இது வேண்டும். ரிசீவரைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. இரண்டு எச்டிஎம்ஐ வெளியீடு உள்ள ப்ளேயராக இருந்தால் முதன்மை முனையை டிவிக்கும், ‘ஆடியோ மட்டும்’ என்ற முனையை ரிசீவருக்கும் கொடுங்கள். படம் ஒரு வழி, ஒலி ஒரு வழி. பழைய நல்ல ரிசீவரைக் காப்பாற்ற இதைவிடச் சிறந்த வழி கிடையாது.

காட்சிக்குக் காட்சி ஒளியைச் சரிசெய்யும் எச்டிஆர் வகையான டால்பி விஷன் வரவில்லையென்றால் டிஸ்க், ப்ளேயர், ரிசீவர், டிவி நான்கிலும் அது இருக்கிறதா என்று பாருங்கள். சாம்சங் டிவிகளில் அது இல்லை. எச்டிஆர்10 அல்லது எச்டிஆர்10 பிளஸ்தான் கிடைக்கும். சில ப்ளேயர்களில் டால்பி விஷனை மெனுவில் கையால் ஆன் செய்ய வேண்டும். அவற்றில் சில, ஆன் செய்தபின் சாதாரண டிஸ்க்கைக் கூட டால்பி விஷனாக மாற்றி அனுப்பும், நிறம் இயல்பு கெடும். அப்படிப்பட்ட ப்ளேயரில் டிஸ்க்கைப் பொறுத்து ஆன், ஆஃப் செய்துகொள்வதைத் தவிர வழியில்லை.

## வெளிறிய நிறம், சாம்பல் பூத்த கறுப்பு, மிகவும் இருட்டான காட்சி

மூன்றும் ஒரே கோளாறு போலத் தெரியும். காரணங்கள் வேறு வேறு.

கறுப்பு சாம்பலாகத் தெரிந்தாலோ, இருட்டுக் காட்சியில் நுணுக்கங்கள் மை பூசியதுபோல் மறைந்தாலோ அளவுகோல் பொருந்தவில்லை. திரைப்பட டிஸ்க்குகளில் 8 பிட் கணக்கில் கறுப்பு 16, வெள்ளை 235. ஒரு கருவி இந்தக் கணக்கிலும் மற்றொன்று 0 முதல் 255 என்ற கணக்கிலும் இருந்தால் இப்படி ஆகும். ப்ளேயரில் ஒய்சிபிசிஆர் வைத்துவிட்டால் இந்தக் குழப்பமே எழாது. ஆர்ஜிபிதான் வேண்டும் என்றால் இரண்டு பக்கமும் ‘லிமிடெட்’ என்று வையுங்கள்.

எச்டிஆர் படம் மட்டும் வெளிறித் தெரிந்தால், டிவி அதை எச்டிஆர் என்று அடையாளம் காணவில்லை. டிவியின் தகவல் பட்டையில் எச்டிஆர் என்று வருகிறதா பாருங்கள். வரவில்லையென்றால் முந்தைய பகுதிக்குத் திரும்புங்கள்.

எச்டிஆர் சரியாக வந்தும் படம் இருட்டாக இருப்பதுதான் பலரை வருத்தும் புகார். எச்டிஆர் டிஸ்க்கில் ஒவ்வொரு புள்ளிக்கும் இத்தனை நிட்ஸ் (ஒளிர்வின் அலகு) ஒளி என்று நேரடியாக எழுதப்பட்டிருக்கிறது. பல படங்கள் 1000 அல்லது 4000 நிட்ஸ் மானிட்டரில் தயாரானவை. உங்கள் டிவியின் உச்சம் 500 நிட்ஸ் என்றால் மிச்சத்தை எங்காவது அமுக்கியாக வேண்டும். புரொஜெக்டரில் இந்த நெருக்கடி பல மடங்கு. எனவே முதலில் டிவியின் மின்சேமிப்பு முறையையும் அறை வெளிச்ச உணரியையும் அணையுங்கள், பின்னொளியை உச்சத்துக்கு ஏற்றுங்கள். அடுத்து, அறையின் விளக்குகளைக் குறையுங்கள். எச்டிஆர் இருண்ட அறைக்காகவே வடிக்கப்பட்டது. பானசோனிக்கின் 4கே ப்ளேயர்களில் திரையின் வகையைச் சொல்லும் அமைப்பு ஒன்று உண்டு: ஓஎல்இடி, ஒளி மிகுந்த எல்சிடி, புரொஜெக்டர் என்று. அதைச் சரியாகத் தேர்ந்தால் அமுக்கும் வேலையைப் ப்ளேயரே பக்குவமாகச் செய்துவிடும். புரொஜெக்டர் வைத்திருப்பவர்களுக்கு இந்த ஒரு வசதிக்காகவே அந்தப் ப்ளேயர்களைப் பரிந்துரைக்கலாம்.

## அசைவு வெட்டி வெட்டி வருகிறது, அல்லது நாடகம்போல வழுக்குகிறது

திரைப்படம் நொடிக்கு 24 ஃபிரேம், துல்லியமாகச் சொன்னால் டிஸ்க்கில் 23.976. ப்ளேயர் அதை 60 ஹெர்ட்ஸாக மாற்றி அனுப்பினால் ஒரு ஃபிரேம் மூன்று முறையும் அடுத்தது இரண்டு முறையும் காட்டப்படும். கேமரா மெதுவாகத் திரும்பும் காட்சிகளில் இது தடுக்கித் தடுக்கித் தெரியும். ப்ளேயரில் ‘24பி வெளியீடு’ என்பதை ஆன் அல்லது ஆட்டோவில் வையுங்கள். 4கே டிஸ்க்குக்கு ஓர் அமைப்பும் ப்ளூ-ரேக்கு ஓர் அமைப்பும் தனியாக இருக்கலாம், இரண்டையும் பாருங்கள்.

படம் இயல்புக்கு மீறி வழுக்கினால் அது டிவி இடையில் புதிய ஃபிரேம்களை உருவாக்கிச் செருகுவதால். அசைவு மென்மையாக்கும் வசதியை முழுவதும் அணையுங்கள். ‘ஃபிலிம்மேக்கர் மோட்’ இருந்தால் அதைத் தேர்ந்தாலே போதும்.

மேலும் கீழும் கறுப்புப் பட்டைகள் வருவது கோளாறே அல்ல. 2.39:1 விகிதத்தில் எடுத்த படம் 1920×1080 திரையில் ஏறக்குறைய 803 வரிகளில் அடங்கும். மிச்சம் கறுப்பு. ‘ஜூம்’ செய்து நிரப்பினால் பக்கவாட்டில் படம் வெட்டுப்படும். ஆனால் நான்கு ஓரங்களும் வெட்டுப்பட்டு, எழுத்துகள் விளிம்பில் மறைந்தால் அது டிவியின் பெரிதாக்கல். ‘ஜஸ்ட் ஸ்கேன்’, ‘ஸ்க்ரீன் ஃபிட்’ போன்ற பெயரில் உள்ள அமைப்பை ஆன் செய்யுங்கள்.

## ரிசீவரில் அட்மாஸ், ட்ரூஎச்டி என்று வரவில்லை

ட்ரூஎச்டி என்பது தரம் குறையாத டால்பி ஒலி, அட்மாஸ் அதனுடன் தலைக்கு மேலிருந்து வரும் ஒலியையும் சேர்ப்பது. ஒலிக் கோளாறுகளில் முக்கால்வாசி இந்த ஒரு கேள்வியில் அடங்கும். பின்வரும் வரிசையிலேயே பாருங்கள்.

1. டிஸ்க்கின் மெனுவில் எந்த ஒலித்தடம் தேர்வாகியிருக்கிறது? பல டிஸ்க்குகள் தாமாகச் சாதாரண டால்பி டிஜிட்டலைத் தேர்ந்துகொள்ளும். மெனுவில் இருக்கும்போது ஒலிக்கும் பின்னணி இசையை வைத்து முடிவெடுக்காதீர்கள், படத்தை ஓட விட்டுப் பாருங்கள்.

2. ப்ளேயரில் டிஜிட்டல் ஒலி வெளியீடு ‘பிட்ஸ்ட்ரீம்’ ஆக, அதாவது ஒலியைப் பிரிக்காமல் அப்படியே அனுப்புவதாக இருக்க வேண்டும். பிசிஎம் என்றிருந்தால் ப்ளேயரே ஒலியைப் பிரித்து அனுப்பும். ட்ரூஎச்டி, அதற்குப் போட்டியான டிடிஎஸ்-எச்டி இரண்டும் தரம் குறையாமல் போகும், ஆனால் அட்மாஸின் மேல்தளத் தகவல் வழியிலேயே தொலைந்துவிடும்.

3. இரண்டாம் ஒலியை அணையுங்கள். சோனியில் ‘பிடி ஆடியோ மிக்ஸ்’, பானசோனிக்கில் ‘செகண்டரி ஆடியோ’. இயக்குநரின் விளக்கவுரையையும் மெனு பொத்தான்களின் டிக் ஒலியையும் படத்தின் ஒலியோடு கலப்பதற்காக வைத்த வசதி இது. கலக்க வேண்டுமென்றால் ப்ளேயர் மூல ஒலியைப் பிரித்துத் திரும்பக் கட்ட வேண்டும். அதில்தான் ட்ரூஎச்டி சாதாரண டால்பி டிஜிட்டலாகிவிடுகிறது. பிட்ஸ்ட்ரீம் வைத்தும் அட்மாஸ் வரவில்லை என்பவர்களுக்குப் பெரும்பாலும் மருந்து இதுதான்.

4. ஒலி எந்த வழியாகப் போகிறது? ப்ளேயர் டிவிக்கும், டிவியிலிருந்து ஏஆர்சி (எச்டிஎம்ஐ கேபிளிலேயே ஒலியைத் திருப்பி அனுப்பும் வசதி) வழியாகச் சவுண்ட்பாருக்கும் போகிறது என்றால் ட்ரூஎச்டி போகாது. சாதாரண ஏஆர்சியில் அதற்கு இடமில்லை, அதன் மேம்பட்ட வடிவமான இஏஆர்சி வேண்டும். டிவி, சவுண்ட்பார் இரண்டிலும் இஏஆர்சி இருக்க வேண்டும், டிவியில் ஒலி வெளியீடு ‘பாஸ் த்ரூ’ ஆக இருக்க வேண்டும். ஆப்டிகல் கேபிளும் அப்படித்தான். இரண்டு சேனல் பிசிஎம், 5.1 டால்பி டிஜிட்டல், 5.1 டிடிஎஸ், அதோடு சரி.

5. டிடிஎஸ் டிஸ்க்கில் மட்டும் ஒலி ஸ்டீரியோவாக வருகிறதா? சில டிவிகள் டிடிஎஸை ஏற்பதே இல்லை. டிவி கொடுக்கும் பட்டியலில் அது இல்லாததால் ப்ளேயர் இரண்டு சேனல் பிசிஎம்முக்கு இறங்கிவிடும். ப்ளேயரை நேராகச் சவுண்ட்பார் அல்லது ரிசீவரின் உள்ளீட்டில் மாட்டுவதுதான் நிலையான தீர்வு.

பொதுவாகவே, வாய்ப்பிருக்கும் இடத்திலெல்லாம் ப்ளேயரை ரிசீவரில் மாட்டி அங்கிருந்து டிவிக்குப் போவது நல்லது. டிவி வழியாக ஒலியைச் சுற்றவிடுவது வசதி, அவ்வளவுதான்.

வீட்டில் பதிவு செய்த டிஸ்க் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒலி மட்டும் நின்று, சினாவியா என்ற பெயருடன் ஓர் எச்சரிக்கை வந்தால், அது ஒலிக்குள் பதிந்திருக்கும் நகல் தடுப்புக் குறி. எந்த அமைப்பாலும் மாறாது. அசல் டிஸ்க்கில் அது வராது.

## பேச்சு கேட்கவில்லை, வெடிச்சத்தம் காதைப் பிளக்கிறது

நடு ஸ்பீக்கர் இல்லாத வீட்டில் 5.1 ஒலியை அனுப்பினால் பேச்சு தொலையும், ஏனெனில் வசனத்தின் பெரும்பகுதி நடு சேனலில்தான் இருக்கிறது. ரிசீவரில் ஸ்பீக்கர் எண்ணிக்கையை உண்மையில் இருப்பதுபோலவே அமையுங்கள். டிவி ஸ்பீக்கரில் மட்டும் கேட்பவர்கள் ப்ளேயரை பிசிஎம், இரண்டு சேனலுக்கு மாற்றலாம். ஏற்றத்தாழ்வைச் சுருக்கும் வசதி ‘டிஆர்சி’ அல்லது ‘நைட் மோட்’ என்ற பெயரில் இருக்கும். இரவில் அதை ஆன் செய்யுங்கள், மற்ற நேரம் வேண்டாம்.

உதட்டசைவும் ஒலியும் பொருந்தவில்லையென்றால் எது முந்துகிறது என்று பாருங்கள். ஒலி முந்தினால் டிவி படத்தைப் பக்குவப்படுத்த நேரம் எடுத்துக்கொள்கிறது. ரிசீவரில் ஒலித் தாமதத்தை 20 மில்லிசெகண்ட் படிகளில் கூட்டிக்கொண்டே போங்கள். ஒலி பிந்தினால் தாமத அமைப்பு உதவாது, அது மேலும் பிந்த மட்டுமே செய்யும். டிவி வழியாகச் சுற்றும் ஒலியை நேர்வழிக்கு மாற்றுங்கள். தாமதத்தை ப்ளேயர், டிவி, ரிசீவர் மூன்றில் ஒன்றில் மட்டும் வையுங்கள். இரண்டு இடத்தில் வைத்தால் கூடிக்கொண்டே போகும்.

## டிஸ்க்கைப் படிக்கவில்லை

சிடியைப் படிக்க 780 நானோமீட்டர், டிவிடிக்கு 650, ப்ளூ-ரேக்கு 405 நானோமீட்டர் லேசர். எனவே டிவிடி ஓடுகிறது, ப்ளூ-ரே எதுவுமே ஓடவில்லை என்றால் நீல லேசர் தளர்ந்துவிட்டது அல்லது லென்ஸில் தூசி. பழைய ப்ளூ-ரேக்கள் எல்லாம் ஓடி, புதிதாக வந்தவை மட்டும் மறுத்தால் லேசர் நன்றாக இருக்கிறது. புதிய டிஸ்க்கின் பூட்டுக்கான சாவி ப்ளேயரில் இல்லை, ஃபர்ம்வேர் எனப்படும் ப்ளேயரின் உள் மென்பொருளைப் புதுப்பியுங்கள்.

யுஎஸ்பியில் புதுப்பிக்கும்போது தவறுவது சின்னச் சின்ன விஷயங்களில். டிரைவ் எஃப்ஏடி32 வடிவில் இருக்க வேண்டும். கோப்பை ஜிப்பிலிருந்து பிரித்து, எந்த ஃபோல்டரிலும் வைக்காமல், கையேடு வேறு இடம் சொன்னாலொழிய மேல்மட்டத்திலேயே வையுங்கள். பெயரை மாற்றக் கூடாது. ஒரே கோப்பை இருமுறை இறக்கினால் பிரவுசர் பெயரின் கடைசியில் (1) என்று சேர்த்துவிடும், அப்போது ப்ளேயர் அதைக் கண்டுகொள்ளாது. புதுப்பிப்பு நடக்கும்போது மின்சாரம் போனால் ப்ளேயர் நிரந்தரமாக முடங்கலாம்.

ஒரே ஒரு டிஸ்க் மட்டும் மறுத்தால் மண்டலக் குறியைப் பாருங்கள். ப்ளூ-ரேயில் ஏ என்பது அமெரிக்கக் கண்டங்கள், ஜப்பான், கொரியா, தென்கிழக்கு ஆசியா. பி என்பது ஐரோப்பா, ஆப்பிரிக்கா, மேற்காசியா, ஆஸ்திரேலியா. சி என்பது இந்தியா, இலங்கை, சீனா, ரஷ்யா. டிவிடிக்குத் தனி எண் வரிசை. 4கே டிஸ்க்குக்கு மண்டலப் பூட்டு கிடையாது. ஆனால் அதே பெட்டியில் கூடவே வரும் சாதாரண ப்ளூ-ரேக்கு இருக்கலாம்.

4கே டிஸ்க்கைச் சாதாரண ப்ளூ-ரே ப்ளேயர் படிக்காது. குளிர்ந்த இடத்திலிருந்து வெப்பமான அறைக்குக் கொண்டுவந்த ப்ளேயரின் லென்ஸில் ஈரம் படியும். ஒன்றிரண்டு மணி நேரம் அணைத்து வையுங்கள். பழைய சிடிக்கான தூரிகை லென்ஸ் கிளீனரை ப்ளூ-ரே ப்ளேயரில் போடாதீர்கள். இதன் லென்ஸ் டிஸ்க்குக்கு மிக நெருக்கமாக மிதக்கிறது, தூரிகை இடித்தால் முடிந்தது.

## குறிப்பிட்ட இடத்தில் உறைகிறது, கட்டம் கட்டமாகச் சிதறுகிறது

எந்த நிமிடத்தில் நின்றது என்று குறித்துக்கொண்டு திரும்ப ஓட்டுங்கள். அதே நொடியில் நின்றால் டிஸ்க். வேறு வேறு இடத்தில் நின்றால் ப்ளேயர். அதுவும் ஒரு மணி நேரம் ஓடியபின் மட்டும் என்றால் சூடு. ரிசீவர் மேல் ப்ளேயரை வைக்காதீர்கள், மூடிய அலமாரியில் பின்புறக் காற்றோட்டத்தைத் திறந்து விடுங்கள்.

டிஸ்க் என்றால் முதலில் துடையுங்கள், பளபளவென்று புதிதாக இருந்தாலும். உறையிலிருந்து வந்த தூசியும் ஆலையில் படிந்த மெல்லிய படலமும் 4கே டிஸ்க்கில் போதுமான தொந்தரவு தரும். மைக்ரோஃபைபர் துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்க்கோட்டில் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்தால் உண்டாகும் கீறல் தடத்தின் நெடுகே ஓடி, அடுத்தடுத்த தகவல்களை ஒருசேர அழிக்கும். குறுக்குக் கீறல் ஒவ்வொரு தடத்திலும் துளி இடத்தை மட்டுமே தொடுவதால் பிழைதிருத்தம் அதைச் சமாளித்துவிடும். விரல்ரேகை போகவில்லையென்றால் வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் போதும். தின்னர், அசிட்டோன் கூடாது. கீறலைத் தேய்த்துப் போக்கும் டிவிடி முறைகளும் இங்கே செல்லாது. ப்ளூ-ரேயில் தகவல் அடுக்குகள் மேற்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீட்டர் ஆழத்துக்குள்ளேயே இருக்கின்றன, தேய்க்க இடமில்லை.

4கே டிஸ்க்குகள் 50, 66, 100 ஜிபி என மூன்று அளவுகளில் வருகின்றன. 50, 66 இரண்டும் இரட்டையடுக்கு, 100 மட்டும் மூன்றடுக்கு. 50, 66 ஜிபி எல்லாம் ஓடி, மூன்றடுக்கு மட்டும் உறைந்தால் ப்ளேயரின் லேசர் தலை தன் திறனின் எல்லையில் தடுமாறுகிறது. ஃபர்ம்வேர் சில சமயம் உதவும். உத்தரவாதம் இருந்தால் தயங்காமல் மாற்றிக் கேளுங்கள். இன்னொரு ப்ளேயரிலும் அதே நொடியில் நின்றால் டிஸ்க்கைத் திருப்பிக் கொடுங்கள்.

## ஏறத் தாமதம், விட்ட இடத்திலிருந்து தொடரவில்லை, தட்டு திறக்கவில்லை

சில ப்ளூ-ரே டிஸ்க்குகள் தொடங்கும்போதே இணையத்தை நாடும். ‘பிடி-லைவ்’ வசதியை அணைத்தால் காத்திருப்பு குறையும். சேமிப்பு நிறைந்துவிட்டது என்ற செய்தி வந்தால் மெனுவில் பிடி (ப்ளூ-ரே டிஸ்க்) தரவை அழியுங்கள். ஜாவா மெனு உள்ள டிஸ்க்குகளில் நிறுத்திய இடத்திலிருந்து தொடரும் வசதி டிஸ்க் தயாரித்தவர் எழுதி வைத்திருந்தால்தான் உண்டு. ப்ளேயரில் தேடிப் பயனில்லை.

தட்டு திறக்கவில்லையென்றால் முதலில் சைல்டு லாக்கைப் பாருங்கள், அடுத்து மின்சாரத்தைத் துண்டித்துச் சில நிமிடம் கழித்து முயலுங்கள். மோட்டார் ஓடும் ஒலி கேட்டும் தட்டு அசையவில்லையென்றால் உள்ளே ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும். மூடியைத் திறப்பவர்கள் பிளக்கை எடுத்துவிட்டே திறக்க வேண்டும். மூடி இல்லாமல் ஓடவிட்டு லேசரைப் பார்ப்பது கண்ணுக்கு ஆபத்து.

ப்ளேயர் தானாக ஆன் ஆவது, டிவி உள்ளீடு தானாக மாறுவது எல்லாம், எச்டிஎம்ஐ வழியே கருவிகள் ஒன்றையொன்று இயக்க உதவும் சிஇசி என்ற வசதி செய்யும் வேலை. பிராவியா சிங்க், சிம்ப்லிங்க், எனிநெட் பிளஸ் என்று ஒவ்வொரு நிறுவனமும் வேறு பெயர் வைத்திருக்கிறது. வேண்டாமென்றால் ப்ளேயரில் அணையுங்கள்.

## அமைப்பால் தீராதது: ப்ளேயரை மாற்றும்போது

மேலே சொன்னவற்றில் சில, வாங்கும்போது செய்த பொருத்தமில்லாத தேர்விலிருந்து வருபவை. டிவி எந்த எச்டிஆரை ஏற்கும் என்று முதலில் பாருங்கள், ப்ளேயர் அதற்கேற்ப. சோனியின் எக்ஸ்700, எக்ஸ்800எம்2 டால்பி விஷன் தரும், எச்டிஆர்10 பிளஸ் தராது. பானசோனிக்கின் யுபி420இல் எச்டிஆர்10 பிளஸ் உண்டு, டால்பி விஷன் இல்லை. யுபி820இல் இரண்டும் உண்டு. ரிசீவர் பழையது என்றால் இரண்டு எச்டிஎம்ஐ வெளியீட்டைத் தவறவிடாதீர்கள். ஆப்போ 2018இல் இந்தத் துறையை விட்டு விலகியது, சாம்சங்கும் பின்னர் நிறுத்தியது. பழைய கையிருப்பில் இவற்றை வாங்கினால் புதிய டிஸ்க்குகளுக்கான ஃபர்ம்வேர் பின்னாளில் வராமல் போகலாம்.

விளையாட்டுக் கருவிகளில் டிஸ்க் தட்டுள்ள பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இரண்டும் 4கே டிஸ்க் ஓட்டும், ஆனால் டிஸ்க்கிலிருந்து டால்பி விஷன் தராது. பிளேஸ்டேஷன் 4 ப்ரோ 4கே விளையாட்டு காட்டினாலும் 4கே டிஸ்க்கைப் படிக்காது. பிளேஸ்டேஷன் 5இல் இசை சிடி ஓடாது.

புதிய ப்ளேயர் வந்ததும், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள், 100 ஜிபி டிஸ்க் ஒன்றை முதலிலிருந்து கடைசி எழுத்துவரை ஓட்டுங்கள், இடையில் தாவாமல். அதன்பின் ஒரு டிவிடி, ஒரு சாதாரண ப்ளூ-ரே, இரண்டிலும் பத்து நிமிடம். மூன்றும் தடங்கலின்றி ஓடினால் பெட்டியையும் தெர்மோகோலையும் அப்புறப்படுத்தலாம்.